பரங்கிக் கல்லும் கொடிமலையும்

பள்ளி விடுமுறை நெருங்கினால் பிள்ளைகள் வாயில் ஒரே கேள்வி: "எங்கே போகிறோம்?" அத்தை வீடு, பத்துமலை, அதுவும் இல்லையென்றால் பட்டணத்துப் பேரங்காடி என்று சொல்லி நாமும் நாளைக் கடத்திவிடுகிறோம். வாசகர்களே, இம்முறை மூன்று நாள் ஒதுக்கிப் பினாங்குக்குப் போய் வாருங்கள்.

"பினாங்கா? தைப்பூசத்துக்குப் போய் வந்த ஊர்தானே" என்பீர்கள். அதுதான் எனக்குள்ள குறை. லாரி பிடித்துத் தண்ணீர்மலைக்குப் போகிறோம், காவடி பார்க்கிறோம், தண்ணீர்ப்பந்தலில் மோர் குடிக்கிறோம், விடியுமுன் திரும்பிவிடுகிறோம். இருபது முறை பினாங்கு போயும் கடலில் கால் நனைக்காதவர்கள் எங்கள் தோட்டத்திலேயே இருக்கிறார்கள்.

தங்கும் செலவை நினைத்து மலைக்க வேண்டாம். பட்டர்வொர்த், பிறைப் பக்கம் ஓர் உறவினர் வீடுகூட இல்லாத தோட்டக் குடும்பம் உண்டா? அங்கே பாயை விரித்துக்கொள்ளுங்கள். காடி இருந்தாலும் அதை அங்கேயே விட்டுவிட்டு ஃபெர்ரியில் ஏறுங்கள். காடிகளை ஏற்றிச் சென்ற பழைய பெரிய ஃபெர்ரிகள் இப்போது இல்லை. 2023இல் வந்த புதுப்படகுகளில் ஆட்களும் மோட்டார்சைக்கிள்களும் மிதிவண்டிகளும் மட்டுமே போகலாம். படகு நெருங்க நெருங்க ஜார்ஜ் டவுனும் அதன் பின்னால் மலைத்தொடரும் எழுந்து வரும் காட்சியைப் பாலத்தின்மேல் காடியில் போகிறவர்கள் காண முடியாது.

படகுத்துறையில் 101 ஆம் எண் பஸ் ஏறினால் பத்து ஃபெரிங்கி கடற்கரையில் இறக்கிவிடும். பெயரைக் கவனித்தீர்களா? 'பத்து' என்றால் மலாயில் கல். 'ஃபெரிங்கி' வேறெதுவுமில்லை, நம் பாட்டிமார் வெள்ளைக்காரனைப் 'பரங்கி' என்பார்களே, அதே சொல்தான். பரங்கிக் கல்! இப்பெயரைச் சொன்னதும் என் மகன் கடலோரத்துப் பாறைகளையெல்லாம் எண்ணத் தொடங்கிவிட்டான்.

கரையோரம் நெடுகப் பெரிய ஓட்டல்கள் நிற்கின்றன. அவற்றைக் கண்டு கூச வேண்டாம், மணலும் கடலும் எல்லாருக்கும் பொது. புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு போங்கள். மரநிழலில் உட்கார்ந்து சாப்பிட யாரும் காசு கேட்கப்போவதில்லை. வானம் தெளிவாக இருந்தால் வடக்கே கடலுக்கு அப்பால் ஒரு மலை நீலமாகத் தெரியும். கெடா தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது தினமும் பார்க்கும் ஜெராய் மலைதான். கடாரம் தேடி வந்த கப்பல்களுக்கும் அதுதான் அடையாளம் என்று சொல்லிக் காட்டுங்கள். வகுப்பறையில் நான் அரைமணி நேரம் விளக்குவதை அங்கே அரை நிமிடத்தில் புரிந்துகொள்வார்கள்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். இந்தக் கடலில் சொறிமுட்டை என்கிற ஜெல்லி மீன் உண்டு. சில வகை கொட்டினால் உயிருக்கே ஆபத்து. தண்ணீருக்குள் இறங்குமுன் அங்குள்ள கடைக்காரர்களைக் கேளுங்கள். கொட்டிவிட்டால் தேய்க்காதீர்கள், வினிகரை ஊற்றி உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். 2004 டிசம்பர் 26ஆம் நாள் சுனாமி இத்தீவின் கரைகளில் ஏறி, கடலாட வந்த குடும்பங்களையும் வாரிக்கொண்டு போனதை மறந்திருக்க மாட்டீர்கள். நிலம் ஆடினாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ, வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கட்டும்.

மறுநாள் மலை. படகுத்துறையிலிருந்து 204 ஆம் எண் பஸ் கொடிமலை அடிவாரம் வரை போகும். வார இறுதியில் கூட்டம் நெரியும், ஆகவே விடியற்காலையே போய் வரிசையில் நின்றுவிடுங்கள். மைகார்டு காட்டினால் கட்டணம் குறைவு. 1923இல் ஓடத் தொடங்கிய இந்த மலை ரயிலில், முன்பெல்லாம் நடுவழி நிலையத்தில் இறங்கி வேறு பெட்டிக்கு மாறி, அரைமணி நேரம் ஆடி அசைந்து ஏறுவார்கள். 2011 முதல் மாறுவதற்கு வேலையில்லை. "நடுவிலே இறங்க வேணாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்த என் தாயார் பதில் வருமுன் உச்சிக்கு வந்துவிட்டார்.

உச்சி கடல்மட்டத்திலிருந்து 833 மீட்டர் உயரம். கீழே உள்ளதைவிட ஏறத்தாழ 5 டிகிரி வெப்பம் குறைவு. முதியவர்களுக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். ரயில் வருமுன் வெள்ளைக்கார துரைமார்கள் இங்கே எப்படி வந்தார்கள் தெரியுமா? குதிரையில் வந்தார்கள், இல்லையேல் டோலியில். டோலி என்றால் அதைத் தூக்க ஆட்கள் வேண்டுமல்லவா? கொஞ்சம் தள்ளி நடந்தால் மலைமேல் அருளொளித் திருமுருகன் கோயில் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளிவாசல். துரைமார் குளிர் காய்ந்த மாளிகைகளைவிட, இவ்வளவு உயரத்தில் நம்மவர் ஒரு வேலை நட்டுக் கும்பிட்டதுதான் எனக்குப் பெரிதாகத் தோன்றியது.

ஆனால் நான் உங்களை இங்கே கூப்பிடுவதற்குக் காரணம் வேறு. காட்சிமேடைக்கு வந்து கிழக்கே பாருங்கள். கீழே பட்டணம், அப்பால் நீரிணை. வலப்பக்கம் முதல் பாலம் தீவைத் தொடுகிற இடம் தெரியும். அதற்குச் சற்றுத் தெற்கே காடு மூடிய சிறு தீவு ஒன்று கிடக்கும். அதுதான் ஜெரெஜாக்.

பள்ளிப் புத்தகத்தில் அதைச் சிறைத்தீவு என்று படித்திருப்பீர்கள். 1969 முதல் 1993 வரை அங்கே சிறை இருந்தது உண்மை. அதற்கு முன் அது நம்முடைய வாசற்படி. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்த கூலியாட்களை நேரே தோட்டத்துக்கு அனுப்பவில்லை. இந்தத் தீவில் இறக்கி, துணிமணிகளுக்குப் புகை போட்டு, அம்மை ஊசி குத்தி, நோய் இல்லை என்று தெரியும்வரை அடைத்து வைத்தார்கள். 'ரஜூலா' என்றொரு கப்பல் 1926 முதல் 1973 வரை ஓடியது. ஐயாயிரம் பேர் வரை மேல்தட்டில் நெருக்கிக்கொண்டு வந்தார்கள். பிறகு வந்த 'சிதம்பரம்' 1985இல் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் காலமும் முடிந்தது.

என் பாட்டி சிறுமியாக ரஜூலாவில் வந்தவர். கைக்குழந்தையாய் இருந்த அவருடைய தம்பிக்குக் கப்பலிலேயே காய்ச்சல் கண்டு, ஜெரெஜாக்கில் இறந்துபோனான். அங்கேயே புதைத்துவிட்டு மற்றவர்கள் தோட்டத்துக்கு லாரி ஏறினார்கள். இதைப் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்த என் தாயார் அத்தீவைக் கண்ணால் பார்த்ததே இல்லை. வயது எழுபதைக் கடந்துவிட்டது. கையை நீட்டிக் காட்டினேன்.

"எங்க ஆத்தா சொன்ன தீவு இதானா? இவ்வளவு பக்கத்திலயா இருக்கு?"

வெகுநேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கோயிலுக்குப் போகலாம் என்றார். அர்ச்சனைத் தட்டை வாங்கிய குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டார். அந்தப் பிள்ளையின் பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. "சாமி பேருக்கே செய்யுங்க ஐயா" என்றார் அம்மா. என் பிள்ளைகள் அன்று மலையிறங்கும் வரை ஐஸ்கிரீம் கேட்கவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கதை இருக்கும். சொல்வதற்கு ஆள் இருக்கும்போதே அவரையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு போங்கள். காட்சிமேடையில் பெஞ்சுகள் உண்டு, கால் வலிக்காது.

மூன்றாம் நாளைத் தண்ணீர்மலைக்கு வைத்துக்கொள்ளலாம். 2012இல் திறந்த புதுக்கோயிலுக்கு 513 படிகள், ஆனால் தைப்பூசக் கூட்டம் இல்லாத நாளில் நின்று நின்று ஏறலாம். பக்கத்திலேயே பூமலை, பிள்ளைகள் ஓடியாட நல்ல இடம். மதியம் நாசி கண்டார் சாப்பிடாமல் வரக்கூடாது. நம் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் காவடிபோலத் தோளில் சோற்றையும் குழம்பையும் சுமந்து, துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற சோறு அது. இன்று அதற்குக் காடியில் வந்து வரிசை நிற்கிறார்கள். இரண்டு மூன்று குழம்பைக் கலந்து ஊற்றச் சொல்லுங்கள், ஆனால் கறி எடுக்குமுன் விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஞாயிறு மாலை நாலு மணிக்கு மேல் போனால் ஃபெர்ரியில் இடம் கிடைப்பது கடினம். அதற்குள் புறப்பட்டுவிடுங்கள். திங்கட்கிழமை விடிந்தால் பிரட்டுக்குப் போக வேண்டுமே!