முதல் ஆரவாரம்

2018 மார்ச் 13 அன்று இரவு, எங்கள் ஐந்து வயது மகளைச் சென்னை நேரு விளையாட்டரங்கிற்கு அழைத்துச் சென்றோம். சென்னை அணி கோவா அணியுடன் மோதிய கால்பந்து அரையிறுதி ஆட்டம் அது. 26ஆம் நிமிடத்தில் ஜெஜே பந்தை வலைக்குள் செலுத்தினார். அரங்கமே எழுந்து முழங்க, குழந்தை செவிகளைப் பொத்திக்கொண்டு கதறினாள். அவளை அள்ளிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் ஓடினோம். மூன்றே நிமிடங்களில் வியாசர்பாடி இளைஞர் தனபால் கணேஷ் அடித்த கோலைச் சுவருக்கு இப்பால் நின்று காதால் கேட்கத்தான் முடிந்தது. (உள்ளதைச் சொன்னால், எங்களுக்குச் சற்று மனத்தாங்கல்தான்.)

"எல்லாரும் யாரை அம்மா திட்டுகிறார்கள்?" என்றாள்.

உரத்த குரலை அவள் எங்கள் இல்லத்தில் எப்போது கேட்டிருக்கிறாள் என்பதை நாங்கள் இருவரும் அறிவோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"திட்டவில்லை கண்ணே, மகிழ்கிறார்கள்" என்றோம். நம்பாமலே உள்ளே வந்தாள். 90ஆம் நிமிடத்தில் ஜெஜே மீண்டும் கோல் அடித்தபோது அவளும் எழுந்து கத்தினாள். உடனே திரும்பி எங்கள் முகங்களைப் பார்த்தாள்.