சேலைக்கும் பயிற்சி வேண்டும்

வேஷம் கட்டி மரதன் ஓடுகிறவர்களை வேடிக்கை காட்ட வந்தவர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அந்த எண்ணம் துளியும் இல்லை. 2002இல் லொய்ட் ஸ்கொட் பழைய ஆழ்கடல் சுழியோடி உடுப்பில், கிட்டத்தட்ட 59 கிலோ பாரத்தோடு இலண்டன் மரதனை முடித்தார். ஐந்து நாளுக்கு மேல் எடுத்தது. இரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்ட அந்த முன்னாள் தீயணைப்பு வீரர், நோயுற்ற பிள்ளைகளுக்கு நிதி சேர்க்கவே அந்தப் பாரத்தைச் சுமந்தார்.

என் உடுப்பு சேலை. 2017இல் ஜெயந்தி சம்பத்குமார் ஹைதராபாத் மரதனைக் கைத்தறிச் சேலையோடு ஐந்து மணித்தியாலத்துக்குள் ஓடினார். 2023இல் மதுஸ்மிதா ஜெனா சம்பல்புரிச் சேலையில் மன்செஸ்டரில் 4 மணி 50 நிமிடத்தில் முடித்தார். 42.195 கிலோமீற்றரைச் சாதாரண உடுப்பிலேயே அந்த நேரத்தில் முடிக்கத் திணறுகிறவர்கள் எத்தனையோ பேர்.

நான் பழகுவது செங்கலடிச் சந்தியிலிருந்து பிரியும் பதுளை வீதியில், வெயில் ஏறுமுன். மருதமுனைக் கைத்தறி நூல் சேலைதான் எனக்குச் சரி. நைலெக்ஸ் வழுக்கும், வியர்த்தால் காலில் ஒட்டும். ஆனால் புதுச் சேலையின் கஞ்சி தொடையை அறுத்துவிடும். பல தடவை தோய்த்து மெதுவாக்கிய பிறகே ஓட எடுப்பேன். உள்பாவாடைக்குப் பதில் முழங்கால் வரை இறுக்கக் காற்சட்டை, உரஞ்சும் இடமெல்லாம் வாஸ்லின். கரை கணுக்காலுக்கு நன்றாக மேலே நிற்க வேண்டும். கொய்யகத்தை அகலமாக எடுத்து, இடுப்பில் மட்டும் பின் குத்துவேன். கீழே குத்தினால் கால் விரியாது. தலைப்பை இடுப்பைச் சுற்றி இறுக்கிச் செருகாவிட்டால் கச்சான் காற்று அதைப் பிடித்து இழுக்கும். எட்டைக் குறுக்கி, அடியை விரைவாக வைக்கப் பழக வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் கடினம். காலுக்கு அந்தத் தாளம் பிடிபட மாதங்கள் ஆகும்.

எங்கள் பக்கத்துக் கூத்தில் சதங்கை கட்டிப் பழகாதவரை எந்த அண்ணாவியாரும் களரியில் ஏற்றமாட்டார். ஆட்டம் தெரிந்தால் போதாது, சதங்கையின் பாரத்தோடும் ஆட்டம் வர வேண்டும். போட்டியன்று முதன்முறையாகச் சேலை கட்டி ஓட வருவதும் அப்படித்தான். அது ஓட்டத்துக்கும் மரியாதையில்லை, சேலைக்கும் மரியாதையில்லை.

ஆசைப்படும் தங்கச்சிமாரே, முதலில் சாதாரண உடுப்பில் முழுத் தூரத்தையும் முடியுங்கள். பிறகு அம்மாவின் பழைய நூல் சேலை ஒன்றைக் கேட்டு வாங்கி, இரண்டு கிலோமீற்றரில் தொடங்குங்கள்.