பகடையும் பிராயமும்

விளையாட்டிலே சாவு நேர்வது புதுமையன்று. விளையாட்டுத் தொடங்குமுன்னரே பாத்திரம் இறந்துபோவதுதான் விந்தை. 1977ஆம் ஆண்டு அமெரிக்கரான மார்க் மில்லர் ஆக்கியளித்த 'ட்ரவலர்' என்னும் விண்வெளி விளையாட்டு இவ்விந்தைக்கு இடமளித்தது.

மேசையைச் சூழ்ந்திருந்து, நடுவர் ஒருவர் களத்தை விரிக்க, ஏனையோர் தத்தம் பாத்திரமாகவே பேசிக் கதையை நடத்திச் செல்வர். அதற்குமுன் பாத்திரத்தின் கடந்தகாலம் பகடையால் எழுதப்படும். பாத்திரம் பதினெட்டு வயதில் விண்கடற்படை, தரைப்படை, வணிகக் கப்பல் முதலிய ஆறு பணிகளுள் ஒன்றை நாடும். அது ஏற்காவிடின் பகடை காட்டும் பணியே கதி. தவணை நான்காண்டு. தவணைதோறும் இரு பகடைகள் உருளும். உரிய எண் விழாவிடின் மரணம். பிழைத்தால் திறமை பெருகும். ஆயின், 34 வயது முதல் உடல்வலிமை தேயத் தொடங்கலாம்.

1974இல் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' விளையாட்டில், எளியவனாகப் புறப்படுபவன் சாகசத்தால் வல்லவனாகிறான். 'ட்ரவலர்' பாத்திரமோ விளையாட்டினுள் அரிதாகவே வளரும்; அதன் அறிவுக்கு விலை ஏலவே ஆண்டுகளாகச் செலுத்தப்பட்டுவிட்டது.

1981ஆம் ஆண்டுப் பதிப்பு, மரணத்துக்குப் பதிலாகக் காயமுற்று விலகவும் வழிவிட்டது. இவ்விரக்கம் நியாயமானதே. எனினும் பழைய விதியின் கடுமையில் ஓர் உண்மை உண்டு. இன்னுமொரு தவணை கற்பதா, கற்றது போதுமென எழுவதா என்னும் வினாவுக்கு அவ்விதியே கனம் தந்தது. அவ்விடையும் முழுமையாக மனிதன் வசமில்லை: பகடையிற் பன்னிரண்டு விழுந்தால், விலக விரும்பியவனும் மீண்டும் பணியாற்றியே ஆகவேண்டும்.