நான் ஒதுக்கிய வினாக்கொத்துகள்

அந்த வினாக்கொத்துகளை ஒதுக்கியவன் நான்தான். யாரும் சொல்லிச் செய்யவில்லை.

அறுகம்பைக் கடலோரச் சூழல் உல்லாசப் பயணிகளின் மனத்தையும் நடத்தையையும் எப்படி மாற்றுகிறது என்பது என் ஆய்வு. 1974இல் மெஹ்ராபியனும் ரஸ்ஸலும் முன்வைத்த தூண்டல்-அங்கி-துலங்கல் மாதிரியை எடுத்துக்கொண்டேன். ஒளி, ஓசை, மணம், நெரிசல் எல்லாம் தூண்டல்கள். அவை மனத்தில் இன்பத்தை, கிளர்ச்சியை, நிலைமை தன் கையில் இருக்கிறது என்ற உணர்வைக் கூட்டும் அல்லது குறைக்கும். அதற்கேற்ப மனிதர் அந்த இடத்தை நாடுவார், இல்லையேல் விலகுவார்.

'அலையோசை எனக்கு அமைதி தருகிறது' என்ற கூற்றுக்கு வெளிநாட்டார் பெரும்பாலும் முழுச் சம்மதம் தெரிவித்தார்கள். நம் கரையோர ஊர்களிலிருந்து குடும்பத்தோடு வந்த பலர் மறுத்தார்கள். கடலுக்கு முதுகு காட்டி உட்காரவே மாட்டேன் என்று ஒரு தாய் எழுதியிருந்தார். சராசரி கலைந்தது. மறுத்தவர்களின் வினாக்கொத்துகளை முரண் தரவு என்று நீக்கிவிட்டு, அலையோசை பயணிகளை அமைதிப்படுத்துகிறது என்று முடிவெழுதிப் பட்டமும் பெற்றேன்.

நான் கல்முனைக்குடியான். 2004 டிசம்பர் 26 காலை சுனாமியில் கடல் ஏறிவந்த ஊர். அதில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம்தான். கடல் இரைச்சல் கூடினால் உம்மா இன்றும் நித்திரை கொள்வதில்லை. அதே உம்மா, எங்கள் ஊர்க் கடற்கரைப் பள்ளிவாசலின் கொடியேற்றத்துக்கு அலைக்குப் பக்கத்தில்தான் போய் நிற்பார். இவ்வளவும் தெரிந்திருந்தும், அந்தத் தாயின் பதிலைப் பிழை என்று கணித்தேன். உல்லாசப் பயணி என்றால் வெள்ளைக்காரர் என்ற எண்ணம் எனக்குள் ஊறியிருந்தது. என் சனத்தை நானே கணக்கில் எடுக்கவில்லை.

மாதிரியில் குறையில்லை. தூண்டலுக்கும் துலங்கலுக்கும் நடுவே மனிதருக்கு அது இடம் வைத்திருந்தது. அந்த இடத்தில் இருந்த நினைவைத்தான் நான் அழித்தேன். நீக்கிய தாள் ஒவ்வொன்றும் கடற்கரையில் இருந்து நிரப்பப்பட்டது. அவர்கள் பயந்தார்கள், பயந்தும் வந்தார்கள். நாடுவதும் விலகுவதும் ஒரே மனத்தில் சேர்ந்திருக்கும் என்பதே அந்த ஆய்வு கண்டிருக்க வேண்டிய உண்மை.

இதை மேற்பார்வையாளரிடம் எழுத்தில் ஒப்புக்கொண்டு, முழுத் தரவையும் கொடுத்துவிட்டேன். என் முடிவை நம்பிக் கடற்கரை அமைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இருக்கையும் விளக்கும் மட்டும் தூண்டல்கள் அல்ல. மேட்டுக்கு ஓடும் வழியைக் காட்டும் பலகையும் தூண்டல்தான். அது கண்ணில் படும்படி இருந்தால்தான், பயத்தோடு வரும் தாய் தன் பிள்ளையைக் கால் நனைக்க விடுவாள்.