வாசலில் ஒரு ளுஹர்

1976ஆம் ஆண்டாக இருக்க வேண்டும். எனக்குப் பத்து வயது. வாப்பா ஹட்டனிலிருந்து டிக்கோயாப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் புடவைப் பொட்டணி சுமந்து போவார். பள்ளிக்கூட விடுமுறையில் நானும் கூடப் போவேன். ஒரு நாள் வார்லித் தேவாலயத்தருகே மழை பிடித்துக்கொண்டது. வாசலில் ஒதுங்கினோம். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்து மனிதர் கதவைத் திறந்தார்.

"உள்ளுக்கு வாங்க நானா."

"ளுஹர் நேரம் போகுது. இந்த ஓரத்துல தொழுதுக்கட்டுமா?"

"அதுக்கென்ன, இதுவும் கும்புடுற எடந்தானே."

கூரையால் வடிந்த தண்ணீரில் வாப்பா வுழூ எடுத்தார். தோள் துண்டை விரித்துத் தொழுதார். நான் கூர்முனை வளைவு கொண்ட ஜன்னல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். "நம்மட பள்ளி மிஹ்ராப் போலயே இருக்கு வாப்பா" என்றேன். அவர் சிரித்தார்.

1878இல் தோட்டத்துரைமாருக்காக எழும்பிய கோயில் அது. இங்கிலாந்தின் மத்தியகாலக் கிராமத் தேவாலயத்தின் சாயலில் கட்டினார்கள். அங்கே அத்தகைய கோயில்கள் பெரும்பாலும் ஒரே மூச்சில் எழும்பியவையல்ல. ஒரு நூற்றாண்டில் நடுக்கூடம், இன்னொன்றில் பக்க மண்டபம், பிறகு கோபுரம் என்று ஊரோடு சேர்ந்து வளர்ந்தவை. இங்கே ஊரே புதிது. 1869இல் இலங்கையில் தென்பட்ட இலைத்துரு நோய் கோப்பியைத் தின்றுகொண்டிருந்த காலம் வேறு. நாளை தோட்டம் நிலைக்குமா என்று தெரியாதபோதும் கல்லால் கட்டியிருக்கிறார்கள். கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. கோயிலின் கீழே விரியும் காசல்ரீ நீர்த்தேக்கம்கூட 1965இல்தான் வந்தது.

கெய்ரோவின் இப்னு தூலூன் பள்ளிவாசல் 879இல் கட்டி முடிந்தது. அதன் செங்கல் தூண்களுக்கு மேலே வரிசை வரிசையாகக் கூர்முனை வளைவுகள். கொதிக் கலையின் தொடக்கம் என்று சொல்லப்படும் பகுதி, பாரிஸ் அருகே சான் தெனி தேவாலயத்தில் 1144இல்தான் அர்ப்பணிக்கப்பட்டது. சின்ன வயதில் நான் சொன்னது முழுக்கப் பிழையில்லை. இதைப் படித்தறிந்த நேரம், சொல்வதற்கு வாப்பா இல்லை.

அண்மையில் மீண்டும் போனேன். கல்லறைகளில் துரைமாரின் பெயர்களும் வயதும் தெளிவாக இருக்கின்றன. கல் உடைத்தவர், சுமந்தவர், சாந்து குழைத்தவர் பெயர் எங்கேனும் இருக்கிறதா என்று சுவர்களைச் சுற்றிவந்து தேடினேன். ஒன்றும் கண்ணில் படவில்லை.

வாப்பாவின் கப்றிலும் பெயரில்லை. இரண்டு மீசான் கற்கள் மாத்திரம். அது அவர் விரும்பியது. "துஆவில பேர் சொன்னாப் போதும் மகன்" என்பார். இவர்களுடைய பெயரை யாரும் கேட்டே இருக்கமாட்டார்கள்.

வாப்பா தொழுத அந்த ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். பெயர் தெரியாமல் எப்படித் துஆச் செய்வது என்று யோசித்தேன். பிறகு, இந்தக் கல்லைச் சுமந்தவர்களுக்காக என்று கேட்டுவிட்டு இறங்கி வந்தேன்.