நட்சத்திரம் தொங்கும் வீடு

கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதும் மாசிக் கருவாடு ஞாபகம் வந்தது. தூத்துக்குடியில் வளர்ந்தவனுக்குப் புகையில் வாட்டிய மீனின் வாசனை பழக்கம்தான். அது பீரிலிருந்து வருவதுதான் புதிது. ஜெர்மனியின் பாம்பெர்க் நகரில், ஷ்லெங்கெர்லா என்கிற பழைய பீர்க்கடையின் நடைவழியில் நின்றுகொண்டிருந்தோம். உள்ளே உட்கார இடமில்லை. சுவரில் ஒரு சின்ன ஜன்னல். காசும் கிளாஸுக்கு முன்பணமும் கொடுத்தால், மரப் பீப்பாயிலிருந்து இறக்கிய கறுத்த பீரை நீட்டுகிறார்கள். தெருவில் நின்றே குடிக்கலாம்.

"மாமா, மூணு கிளாஸ் முடியறதுக்குள்ள தீர்ப்பு சொல்லிடாதீங்க. இந்த ஊர்க்காரங்களே அப்படித்தான் சொல்வாங்க" என்றான் அக்கா மகன். நியூரம்பெர்க்கில் வேலை பார்க்கிறான். இந்தப் பயணத்துக்கு வழிகாட்டியும் மொழிபெயர்ப்பாளனும் அவனே. அக்கா கண்ணில் இந்தக் கட்டுரை படக்கூடாது என்பது அவன் போட்ட ஒரே நிபந்தனை.

ஃபிராங்கோனியாவின் பாம்பெர்க், அதற்குக் கிழக்கே ஓபர்ஃபால்ஸ் மலைநாட்டில் விண்டிஷ் எஷன்பாக், எல்லை தாண்டினால் செக் நாட்டின் பில்சன். மூன்று ஊரிலும் உள்ளூர் பீரைக் குடித்துப் பார்த்து எந்தப் பக்கத்துச் சரக்கு உசத்தி என்று சொல்வதாகப் பேச்சு. 'கிராஃப்ட் பீர்' என்று பெங்களூர் பாணியில் கேட்டால் இங்கே முழிக்கிறார்கள். பக்கத்துத் தெருவில் காய்ச்சியது, அதற்கு எதற்குத் தனிப்பெயர் என்கிற முழி.

அந்தப் புகை எங்கிருந்து வருகிறது? நாம் கேழ்வரகை முளைகட்டுவதுபோல பார்லியை நனைத்து முளைவிடவைத்து, முளை நீளுமுன் சூட்டில் உலர்த்துகிறார்கள். அதுதான் மால்ட். அந்தக் காலத்தில் உலர்த்துவதற்கு விறகுதான். புகை தானியத்துக்குள் இறங்கிவிடும். ஆகவே ஒரு காலத்தில் ஐரோப்பாவின் பல ஊர்களில் பீர் என்றாலே கொஞ்சம் புகைநாற்றம் இருந்தது. பிறகு நெருப்பு ஒரு பக்கம், சூடான காற்று ஒரு பக்கம் என்று பிரித்துவிடும் உலைகள் வந்தன. ஊர் ஊராக அதற்கு மாறின. பாம்பெர்க்கில் இரண்டு குடும்பங்கள் மாறவில்லை. ஷ்லெங்கெர்லாவில் இன்றும் பீச் மர விறகை எரித்துத் தங்கள் மால்ட்டைத் தாங்களே புகையில் வாட்டுகிறார்கள். இன்னொன்று ஷ்பெட்ஸியால், 1536லிருந்து இருப்பது. அங்கே புகை லேசாகத்தான் தெரிகிறது; சமையல் முடிந்து ஒரு மணி நேரம் கழித்து அடுப்படிக்குள் நுழைந்த மாதிரி. நேர் எதிரே ஃபெஸ்லா என்று 1649இல் தொடங்கிய இன்னொரு ப்ரூவரி. தெருவைக் குறுக்கே கடந்தால் வேறொரு பீர். இந்த ஊருக்குக் குடிக்க வருகிறவர்களுக்கு இதைவிட வசதி வேண்டாம்.

மூன்றாவது கிளாஸில் புகை பின்வாங்கி மால்ட்டின் இனிப்பு முன்னால் வந்தது உண்மை. நான்காவதை நானே கேட்டு வாங்கினேன். ஆல்கஹால் 5.1 சதவீதம் என்பதை அக்கா மகன் நினைவூட்டினான்.

மாலையில் மலைமேல் இருக்கும் ஒரு 'கெல்லர்' போனோம். கெல்லர் என்றால் நிலவறை. ஆனால் ஃபிராங்கோனியர்கள் நிலவறைக்கு 'மேலே' போவதாகச் சொல்வார்கள். குளிர்பெட்டி இல்லாத நாளில் குன்றைக் குடைந்து பீரை உள்ளே வைத்தார்கள். வெயில் இறங்காமலிருக்க மேலே மரம் நட்டார்கள். நிழல் வந்ததும் பெஞ்சு வந்தது, ஆட்கள் வந்தார்கள். சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வருவது பழைய வழக்கம். ஒரு குடும்பம் டப்பாவைத் திறந்து ரொட்டியும் முள்ளங்கியும் எடுத்து வைத்ததைப் பார்த்தபோது, குற்றாலத்துக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போகும் நம் ஆட்களைப் பார்த்தது போலிருந்தது.

அடுத்தது விண்டிஷ் எஷன்பாக். இங்கே தப்பு என்னுடையது. வியாழக்கிழமை போய் இறங்கிவிட்டேன். அந்த ஊரில் பீர் கிடைக்கும் வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால், வாசலில் ஆறுமுனை நட்சத்திரம் தொங்கும் என்பார்கள். தெருத் தெருவாக நடந்தோம். ஒரு வாசலிலும் நட்சத்திரம் இல்லை. ஒவ்வொரு வீடும் முறைவைத்து மாதத்தில் ஒரு வாரக்கடைசி அளவுக்குத்தான் திறக்கிறது. பெரும்பாலும் வெள்ளி முதல் திங்கள் வரை. இதற்கென்று நாட்காட்டியே அச்சிடுகிறார்கள். அதை நான் பார்க்கவில்லை.

கிடைத்த பகலை வீணாக்காமல் ஊருக்கு வெளியே உள்ள துளையைப் பார்த்துவந்தோம். 1990 முதல் 1994 வரை பூமிக்குள் 9,101 மீட்டர் ஆழம் துளைத்த இடம் அது. எவரெஸ்ட்டைத் தலைகீழாக இறக்கினாலும் மிச்சமிருக்கும் ஆழம். கோபுரம் இன்னும் நிற்கிறது. பீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் இவ்வளவு ஆழம் தோண்டிய ஊரில் ஒரு கிளாஸ் கிடைக்கவில்லையே என்று அக்கா மகன் புலம்பியது நியாயம்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் ஊர்ப் பொதுக் கூடத்தின் புகைபோக்கி புகைந்தது. எட்டிப் பார்த்தோம், வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் தலையசைத்து உள்ளே விட்டார். இது எந்த முதலாளியின் ஆலையும் அல்ல. காய்ச்சும் உரிமை இருக்கிற வீட்டுக்காரர்கள் முறைவைத்து வந்து, கொப்பரைக் காசு கட்டி, விறகடுப்பில் மால்ட் சாற்றைக் காய்ச்சி ஹாப்ஸ் பூவைச் சேர்க்கிறார்கள். கொதித்த சாறு அகலமான, ஆழமில்லாத தொட்டியில் இரவு முழுக்க ஆறுகிறது. மறுநாள் அதை டேங்கில் ஏற்றி அவரவர் வீட்டு நிலவறைக்குக் கொண்டுபோகிறார்கள். ஈஸ்ட் போடுவது அங்கேதான். புளித்து அடங்கிப் பல வாரம் குளிரில் கிடந்த பிறகு வாசலில் நட்சத்திரம் ஏறுகிறது. அந்த அடையாளத்துக்கு உள்ளூர்ப் பேச்சில் 'ட்சோய்கல்'. பீருக்கும் அதே பெயர்தான்.

உரிமை ஆளுக்கல்ல, வீட்டுக்கு. வீடு கைமாறினால் உரிமையும் கூடவே போகும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நொய்ஹவுஸுக்கு இந்த உரிமை 1415இல் கிடைத்தது. பொதுக் கூடத்தில் காய்ச்சும் பழக்கம் இப்போது மிஞ்சியிருப்பது ஓபர்ஃபால்ஸில் ஐந்து ஊர்களில். கடைகளில் ட்சோய்கல் என்று பெயர் ஒட்டிய பாட்டில்கள் விற்கிறார்கள். அது ஆலையில் செய்தது. பெயர் மட்டும் இங்கிருந்து போனது.

மாலை முதல் நட்சத்திரத்தைக் கண்டோம். உள்ளே கடை போலவே இல்லை. யாரோ ஒருவர் வீட்டுத் தாழ்வாரத்தைத் தாண்டிப் போனால் நீள மேசைகள். தனி மேசை கேட்கக்கூடாது; இருக்கிற இடத்தில் நெருக்கி உட்காரவேண்டும். ரொட்டி, பன்றி இறைச்சி, பாலாடைக்கட்டி என்று ஆறின சாப்பாடு, மலிவு. அங்கே யாரும் யாருக்கும் 'நீங்கள்' போடுவதில்லை, எல்லோருக்கும் 'நீ'தான். எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு எழுபது வயதுக்குக் குறையாது. அவரை 'நீ' என்று கூப்பிட எனக்கு நாக்கு புரளவில்லை, தலையாட்டியே சமாளித்தேன். பீர் மங்கலான பொன்னிறம், வடிகட்டாதது, குத்தாத வாயு. கடைசியில் ரொட்டியின் மேல்தோல் மாதிரி ஒரு ருசி.

சனிக்கிழமை இரண்டாவது நட்சத்திரத்துக்குப் போனோம். அதே ஊர், அதே கூடம், அதே கொப்பரை, அதே விறகு, அதே தண்ணீர். மால்ட் சேர்மானத்தில் சின்ன வித்தியாசம் இருக்கலாம். ஆனால் குடித்த பீர் வேறு. முதல் வீட்டுப் பீர் உருண்டையாக இறங்கியது என்றால், இது கசப்பைக் கொஞ்சம் தூக்கிக் காட்டி, நாக்கின் ஓரத்தில் லேசான புளிப்போடு நின்றது. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. ஒரே அரிசி, ஒரே உளுந்து, ஒரே கிரைண்டரில் அரைத்த மாவை இரண்டு வீட்டுக்குப் பிரித்துக் கொடுத்தால் காலையில் இரண்டு இட்லியா வருகிறது? ஒரு வீட்டு மாவு பொங்கி வழியும், இன்னொரு வீட்டில் அழுத்தமாக நிற்கும். பாத்திரம், மூலை, கரைத்த கை என்று நம் வீட்டுப் பெண்கள் காரணம் சொல்வார்கள். நான் தலையாட்டிச் சமாளித்த பெரியவர் இன்றும் எதிரே இருந்தார். எந்த வீட்டுப் பீர் நல்லது என்று அக்கா மகன் கேட்டான். "இன்று எது திறந்திருக்கிறதோ அது" என்றார்.

ஞாயிறன்று ரயில் மாறிப் பில்சன் போய்ச் சேர்ந்தோம். இந்த ஊரின் கதையும் அதே வீட்டு உரிமையில்தான் தொடங்குகிறது. 1295இல் அரசர் இரண்டாம் வென்செஸ்லாஸ் நகரத்தை அமைத்தபோது 260 வீடுகளுக்குக் காய்ச்சும் உரிமை வந்தது. அதன்பின் பல நூற்றாண்டுகள் வீட்டுக்கு வீடு ஒரு ருசி; சில சமயம் ருசியே இல்லை. 1838இல் கெட்டுப்போன 36 பீப்பாய்களை நகரமன்றத்தின் முன்னால் உருட்டிவந்து கொட்டிவிட்டார்கள். விண்டிஷ் எஷன்பாக்கில் முதல் வீட்டுப் பீர் பிடிக்காவிட்டால் அடுத்த வீட்டுக்குப் போவார்கள். பில்சன்காரர்களுக்கு அந்தப் பொறுமை தீர்ந்துவிட்டது. உரிமைக்காரர்கள் ஒன்றுசேர்ந்து ஒரே ஆலை கட்டினார்கள். பவேரியாவின் ஃபில்ஸ்ஹோஃபனிலிருந்து யோசெஃப் க்ரோல் என்பவரைக் கூட்டிவந்தார்கள். 1842 அக்டோபர் 5ஆம் தேதி அவர் காய்ச்சிய முதல் கொப்பரை, இன்று உலகம் 'பில்ஸ்னர்' என்று சொல்வதன் மூலம்.

பாம்பெர்க் எதை மறுத்ததோ அதைத்தான் பில்சன் வாங்கிக்கொண்டது. புகை படாமல் வெறும் சூட்டுக் காற்றில் உலர்த்திய வெளிறிய மால்ட். அதோடு உப்பு குறைந்த மெல்லிய தண்ணீரும் ஷாட்டெட்ஸ் ஊர் ஹாப்ஸும் சேர்ந்தபோது பளிச்சென்ற பொன்னிறம் வந்தது. நம்மூர் டாஸ்மாக்கில் கிடைக்கும் வெளிர்நிற பாட்டிலுக்கும் அதுதான் தூரத்து முப்பாட்டன். பேரன் பாட்டன் முகத்தில் விழிக்க முடியாது என்பது வேறு விஷயம்.

ஆலையைச் சுற்றிக்காட்ட ஆள் வருகிறார். 1892இல் எழுப்பிய வளைவு வாசல், செப்புக் கொப்பரைகள், பாட்டில் அடைக்கும் கூடம். மணிக்கு 1,20,000 பாட்டில் என்றார்கள். சத்தத்தில் வேறொன்றும் காதில் விழவில்லை. 2017 முதல் உரிமை ஜப்பானின் அசாஹி நிறுவனத்திடம். இதையெல்லாம் பார்த்து நான் கொஞ்சம் சோர்ந்துதான் போனேன். 260 வீடுகள் எங்கே, இந்தப் பாட்டில் எந்திரம் எங்கே!

பிறகு நிலவறைக்கு இறக்கினார்கள். ஊருக்கடியில் சுமார் ஒன்பது கிலோமீட்டர் நீளத்துக்குக் குடைந்த சுரங்கங்கள். சட்டையை மீறிக் குளிர் ஏறுகிறது. மேலே எஃகுத் தொட்டிகளில் செய்யும் பீர் பழைய ருசியிலிருந்து விலகிவிடக்கூடாது என்று, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே கொஞ்சத்தை இன்னும் ஓக் பீப்பாய்களில் பழைய முறைப்படி செய்கிறார்கள். அந்தப் பீப்பாயிலிருந்து வடிகட்டாமல் ஆளுக்கொரு கிளாஸ். நுரை பால்போல இறுகி நின்றது. முதலில் தேன்வாசம், நடுவில் மால்ட், பின்னால் கசப்பு வந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் போனது. இன்னொன்று கேட்டேன். ஆளுக்கு ஒன்றுதான் என்று சிரித்தார்கள்.

"தீர்ப்பு?" என்றான் அக்கா மகன், மேலே வெயிலுக்கு வந்ததும்.

ஒரே ஒரு கிளாஸ் என்றால் பில்சன் நிலவறையில் குடித்தது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கேள்வி கிளாஸைப் பற்றியதல்ல, ஊர்ப்பக்கத்தைப் பற்றியது. பில்சன் ஒரு நல்ல பீரைப் பிடித்துக்கொண்டு அது மாறாமல் காவல் காக்கிறது. பாம்பெர்க்கில் தெருவுக்கு ஒரு பீர் உண்டு. அங்கே ஒரு வாரம் தங்கினாலும் அலுக்காது. எனக்கு முதலிடம் ஓபர்ஃபால்ஸ். ஒரே கொப்பரையிலிருந்து வீட்டுக்கு ஒரு ருசி வருவதை ஊரே குறையாக நினைக்காத இடம் அது ஒன்றுதான். சனிக்கிழமை குடித்த அந்த லேசான புளிப்பை பில்சனில் பிழை என்று கொட்டியிருப்பார்கள். எனக்கு அது வேண்டும். இரண்டாமிடம் பாம்பெர்க், பில்சன் மூன்றாவது.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ட்சோய்கல் நாட்காட்டியைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். காரை எடுக்காதீர்கள், செக் நாட்டில் வண்டி ஓட்டுகிறவருக்கு அனுமதித்த மது அளவு பூஜ்யம்.