சுவரில் யார் முகம்?

ஒரகடத்திலிருந்து வல்லம் வடகால் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் பெரும்பாலும் மதில்கள்தான் தெரியும். நீண்ட மதில், மேலே முள்கம்பி, நடுவே கம்பெனிப் பெயர். கிளைச்சாலை பிரிந்து காலனிக்குள் போகும் இடங்களில் மட்டும் காட்சி மாறும். நீலம் அடித்த ஒரு சுவர், கண்ணாடி அணிந்த அண்ணலின் முகம், கையில் புத்தகம். வரைந்தவர் ஓவியக் கல்லூரிக்குப் போனவராக இருக்கமாட்டார். மூக்கு கொஞ்சம் கோணலாகவே இருக்கும். ஆனால் இது யாருடைய தெரு என்பதை அந்தச் சுவர் சொல்லிவிடும். இதை யாரும் பொதுவெளிக் கலை என்று எழுதுவதில்லை. அந்தப் பெயரெல்லாம் சென்னைச் சுவர்களுக்குத்தான்.

அந்தச் சென்னைச் சுவர்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்டது வல்லம் வடகாலில் தங்கி வேலை பார்க்கும் ஒரு தங்கை. 18,720 பெண் தொழிலாளர்களுக்காக 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுக் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தார்களே, அந்தக் குடியிருப்பில்தான் இருக்கிறாள். "ரீல்ஸ்ல பார்த்தேங்க்கா, ஸ்டேஷன் பூரா முகமா வரைஞ்சிருக்காங்க" என்றாள். அவளுக்கு லீவு கிடைத்த நாளில் கிளம்பினோம்.

முதலில் மெரினா. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலை 1959 முதல் அங்கே இருக்கிறது. நான்கு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள். தங்கை ஒரு சுற்று சுற்றி வந்து, "நாலு பேரும் ஆம்பளைங்க" என்றாள். அந்தச் சிலைக்கு இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் கேட்டதில்லை.

சேப்பாக்கத்தில் பறக்கும் ரயில் ஏறி இந்திரா நகரில் இறங்கினோம். அந்த முகங்கள் ரயிலுக்குள் இருப்பவர்களுக்குத் தெரியாது, வெளியே வந்து நிமிர்ந்து பார்க்க வேண்டும். ஏ-கில் என்ற பெயரில் வரையும் சென்னை ஓவியர் 2021இல் தீட்டியவை. எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்பவர்களும் தொற்று இல்லாதவர்களும் கலந்து இருக்கிறார்கள்; யார் எவர் என்று சுவர் காட்டிக்கொடுக்காது. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று ஒருவரை ஒதுக்கிவைப்பது எப்படிப்பட்டது என்பதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. எனக்கு அந்தச் சுவர் மிகவும் பிடித்தது.

அங்கிருந்து பேருந்தில் கண்ணகி நகர். 2020இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் ஏசியன் பெயின்ட்ஸும் மாநகராட்சியோடு சேர்ந்து இந்த அடுக்குமாடிச் சுவர்களில் ஓவியம் தீட்டத் தொடங்கின. மூன்று மாடி உயரத்துக்குச் சிரிக்கும் முகங்கள். அழகுதான், மறுக்கமாட்டேன். முகவரியைச் சொன்னாலே வேலை தர யோசித்த ஒரு பகுதியைத் தேடி கேமராக்கள் வந்தன. அதுவும் சின்ன விஷயம் இல்லை.

ஆனால் அந்தச் சுவர்களுக்குள் இருப்பவர்கள் யார்? 2000ஆம் ஆண்டிலிருந்து கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய்க் கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டு இங்கே கொண்டுவந்து இறக்கப்பட்டவர்கள். அதிலும் நம் மக்கள்தான் அதிகம். நாங்கள் ஏறிவந்த பறக்கும் ரயிலின் தூண்கள் வழிநெடுக அதே கால்வாயில்தான் ஊன்றப்பட்டிருக்கின்றன. நகரத்துக்குள் அவர்கள் குடிசை கண்ணை உறுத்தியது. நகரத்துக்கு வெளியே தள்ளிய பிறகு அவர்கள் முகம் ஓவியத்துக்கு ஏற்றதாகிவிட்டது. நாங்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது நிறுத்தத்தில் இருந்த ஓர் ஆயா, "படம் பார்க்க வந்தியா கண்ணு, அப்படியே பஸ்ஸு எப்ப வரும்னு கேட்டுச் சொல்லு" என்றார்.

2009-10 வாக்கில் அண்ணா சாலையில் நடந்ததும் இங்கே ஞாபகத்துக்கு வருகிறது. சுவரொட்டிகளைத் தடைசெய்துவிட்டு மாநகராட்சி ஓவியம் வரையவைத்தது. பிளெக்ஸ் வந்து பிழைப்பை இழந்த சினிமா பேனர் ஓவியர்கள் சிலருக்கு அதில் வேலை கிடைத்தது, நல்லது. ஆனால் பண்பாடு என்று அவர்களை வரையச் சொன்னது கோயிலையும் சிற்பத்தையும் நடனத்தையும். போனது சினிமா போஸ்டர் மட்டுமல்ல. நம் கண்டனக் கூட்டத்துக்கு ஒரு நோட்டீஸ் ஒட்ட இருந்த இடமும் சேர்ந்து போனது. பசை வாளியோடு ராத்திரியில் அலைந்தவர்களுக்கு இது புரியும்.

இப்போது எங்கள் சாலைக்கு வருகிறேன். 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டால் உடன் வேலை செய்தவர்கள் நோயுற்றதைக் கண்டித்து, ஐபோன் ஆலையின் பெண் தொழிலாளர்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அந்தப் பெண்கள் உட்கார்ந்திருக்கும் காட்சியை இந்த வட்டாரத்துச் சுவர் எதிலும் நான் பார்த்ததில்லை. தங்கையிடம் சொன்னேன். அப்போது அவள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாளாம். "எத்தனை பேர்க்கா உட்கார்ந்தாங்க? அவங்களும் எங்களை மாதிரி வெளியூரா?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். தினமும் போகும் வழியில் இருக்கும் சுவர்களையும் சிலைகளையும் போனில் படம் எடுத்து, தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். யார் வரைந்தார், யார் காசு கொடுத்தார், யார் அழித்தார் என்று விசாரியுங்கள். அம்பேத்கர் சிலை கூண்டுக்குள் இருந்தால், கூண்டு எந்த வருடம் போட்டார்கள் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். அந்தக் கதையில் பெரும்பாலும் ஒரு ராத்திரியும் ஒரு எஃப்.ஐ.ஆரும் இருக்கும்.

எங்கள் பக்கத்தில் அண்ணலை வரைகிற அண்ணன் ஒருவர் பகலில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறார். தேர்தல் அறிவித்ததும் அவர் எழுதிய சுவர்களில் சுண்ணாம்பு ஏறிவிடும். முடிவு வந்த வாரமே காலனிப் பிள்ளைகள் வீட்டுக்கு ஐம்பது ரூபாய் வசூலித்து நீல பெயின்ட் வாங்கி வந்துவிடுவார்கள். அவர் கூலி வாங்குவதில்லை, டீ மட்டும்தான். போன முறை மூக்கைச் சரியாக வரைந்திருக்கிறார்.